படுவான்கரைக்கு வருகிற புது ஆசிரியர்கள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி (படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்தில், வெல்லாவெளிப் பக்கத்துத் தகப்பன் ஒருவர்):

"எங்கட பள்ளிக்கூடத்துக்கு எப்பவும் புது நியமனக்காரங்கதான் வாறாங்க. மூணு வருசம் முடியிறதுக்குள்ள ஆரையாவது புடிச்சி டவுன் பக்கம் போயிடுறாங்க. என்ட மகள் ஆறாம் ஆண்டுல இருந்து ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் கணிதத்துக்கு நாலு பேரைப் பாத்திட்டாள். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்ல, அவ்வளவுதான் விசயம். இல்லையெண்டு ஆராவது சொல்லுங்க பாப்பம்."

2025 பெப்ரவரி 9

இல்லையென்று நான் சொல்கிறேன். நாலு வருஷத்தில் நாலு பேர் என்றால் அதன் நட்டம் முழுக்க உங்கள் மகளின் தலையில்தான் விழுந்திருக்கும். ஒருவர் பின்னத்தில் விட்ட இடத்தை அடுத்தவர் கேட்காமலே சமன்பாட்டில் தொடங்கியிருப்பார். ஆனால் அந்த நாலு பேருக்கும் மனம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி எழும்பினால், ஐந்தாவது ஆளும் போவார், நாங்களும் இதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்போம்.

நானும் கணிதம்தான். தாழங்குடாக் கல்வியியற் கல்லூரியில் படித்தேன். 2010 இல் முதல் நியமனம் படுவான்கரைக்கு. இன்றைக்கும் வாவிக்கு இந்தப் பக்கம்தான் படிப்பிக்கிறேன். இடையில் வந்து போன புது ஆட்கள் பலரை முதல் நாள் வகுப்புக்குக் கூட்டிப்போனதும் நான், பிரியாவிடையில் மாலை போட்டதும் நான்.

வெளியில் இருக்கிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். கல்வியியற் கல்லூரிப் படிப்பு மூன்று வருஷம். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், மூன்றாம் வருஷம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. மட்டக்களப்பில் தாழங்குடா, அம்பாறை மாவட்டத்தில் அட்டாளைச்சேனை. முடித்தவர்களுக்கு ஆசிரியர் சேவையில் நியமனம் கிடைக்கும். பட்டதாரிகள் வேறு வழியால் வருகிறார்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் எடுத்து, மாகாணம் விண்ணப்பம் கோரும்போது பரீட்சை எழுதி உள்ளே வருவார்கள். அவர்களில் பலர் ஒரு நாள் பயிற்சியும் இல்லாமல் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமா அதற்குப் பிறகுதான்.

இந்த இரண்டு கூட்டத்திலும் ஆசிரியத் தொழிலையே வேண்டாம் என்று உதறுகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஓய்வூதியம் உள்ள அரச வேலையை யார் உதறுவார்? அவர்கள் விட்டுப்போவது உங்கள் ஊரை. அதிலும் பட்டிருப்புக் கல்வி வலயத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கத்துப் பட்டணமான களுவாஞ்சிகுடியும் அந்த வலயம்தான், வெல்லாவெளி இருக்கிற போரதீவுப்பற்றும் அந்த வலயம்தான். வெல்லாவெளியில் இருந்து ஒருவர் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்கு மாறினால் வலயத்தின் மொத்தக் கணக்கில் ஒரு ஆசிரியரும் குறையமாட்டார். உங்கள் மகளின் வகுப்பில் மட்டும் கதிரை வெறுமையாக இருக்கும்.

2025 பெப்ரவரி 9, இரவு

தொழிலை விடுகிறவர்கள் குறைவு என்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு தேவை. 2022 ஜூனில் 14/2022 என்ற பொது நிருவாகச் சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருஷம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்று அதில் இருந்தது. பெற்றோல் வரிசை, மின்வெட்டு, பள்ளிக்கூடங்கள் பூட்டு என்று நாடு கிடந்த காலம் அது. எனக்குத் தெரிந்த ஆங்கில, விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர் அந்த வழியால் போனார்கள். பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க முடியாத மாதங்களைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

2025 பெப்ரவரி 12

நேரசூசியைப் பற்றி எழுதாமல் இந்த விஷயம் விளங்காது.

தவணை தொடங்குமுன் ஆசிரியர் அறையில் நேரசூசி போடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது என்றுதான் இருந்தது. பழைய ஆட்கள் தங்கள் வகுப்புகளை முதலே சொல்லி வைத்திருப்பார்கள். பதினோராம் ஆண்டு இன்னாருக்கு, பத்து ஏ இன்னாருக்கு. பந்தி முடிந்து மிஞ்சியதை வழிப்போக்கனுக்குப் போடுவதுபோல, மிஞ்சியது புதிதாக வந்த பிள்ளைக்கு. எங்களிடம் வந்த ஒரு தங்கச்சிக்கு விழுந்ததைச் சொல்கிறேன்: ஆறு தொடக்கம் ஒன்பது வரை கணிதம், ஏழாம் ஆண்டுக்குச் சித்திரம், எட்டாம் ஆண்டுக்குச் சுகாதாரம், ஒன்பது பீ வகுப்புக்கு வகுப்பாசிரியர். ஆராவது லீவு என்றால் அவர்களின் வகுப்பைப் பார்க்கிற ரிலீவும் அவளுக்குத்தான், "புதுசு தானே, ஓடித் திரியட்டும்" என்று. பாடக்குறிப்பு, வரவுப் பதிவேடு, பாடசாலை மட்டக் கணிப்பீட்டுத் தாள்கள் எல்லாம் அதற்கு மேல்.

ஒன்பது பீயில் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைகள் பாதிக்கு மேல். கல்லூரியில் அவள் படித்த பாட அலகுகள் ஒழுங்காக ஏறிவந்த பிள்ளைகளை நினைத்து எழுதப்பட்டவை. கட்டுறுப் பயிற்சி வருஷம் பட்டணத்துப் பெரிய பாடசாலையில். பக்கத்து வகுப்பில் வழிகாட்டி ஆசிரியர், கேட்டால் கொடுக்க உபகரணம், வீட்டில் இருந்து பத்து நிமிஷம். அந்த வருஷம் அவளை ஒன்பது பீக்குத் தயார் செய்யவில்லை.

இரண்டாம் வாரமே ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நின்று அழுதாள். "ரீச்சர், நான் படிச்ச ஒண்டும் இஞ்ச சரிவருதில்ல. நான் இதுக்கு லாயக்கில்ல போல."

அப்போது எங்களுக்கு இருந்த அதிபர் இரண்டு காரியம் செய்தார். ஒன்பது பீயின் பதிவேட்டை அவளிடம் இருந்து எடுத்து எனக்குத் தந்தார். நேரசூசியில் அவளுக்கும் எனக்கும் கிழமையில் இரண்டு ஓய்வுப் பாடவேளையை ஒரே நேரத்தில் போட்டார். அவ்வளவுதான். அந்த இரண்டு வேளையும் நாங்கள் இருவரும் கொப்பிகளை விரித்து வைத்து, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தோம். ஆறாம் ஆண்டுப் பாடத்தை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது வெட்கப்படாத விதமாக எப்படிக் கொடுப்பது என்று யோசித்தோம். அவள் மூன்று வருஷம் தாண்டியும் நின்றாள், கலியாணம் முடித்துத்தான் போனாள்.

அந்த அதிபர் ஓய்வு பெற்ற பிறகு வந்த இன்னொரு கணிதப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் அப்போது வேறு கட்டடத்தில், வேறு பொறுப்பில். அவர் இரண்டாம் வருஷமே தற்காலிக இணைப்பு (பதவி இங்கே, வேலை வேறு பாடசாலையில்) வாங்கிப் போய்விட்டார். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஒரே ஊருக்கு வந்தவர்கள்.

2025 பெப்ரவரி 15

கேள்வி கேட்ட அண்ணன் திரும்ப எழுதியிருக்கிறார்: "அந்தக் காலத்து வாத்திமார் ஊரிலேயே தங்கினவங்க. பின்னேரம் வாசகசாலையில படிப்பிச்சவங்க. இப்ப ஒண்டரைக்கு மணி அடிச்சா மோட்டார் சைக்கிள் சத்தம்தான்."

இது உண்மை. காரணம் மட்டும் அவர் நினைக்கிறதைவிடச் சிக்கலானது.

எனக்கு நியமனம் கிடைத்தபோது வாவியைக் கடக்கிற மண்முனையில் பாலம் இல்லை, பாதைதான் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம்). காலையில் பாதைக்குப் பிந்தினால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். ஏழரை தாண்டினால் கையொப்பப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். சாரி நனையாமல் துறையில் இறங்கி ஓடுகிற ரீச்சர்மாரை அந்தக் காலத்தில் தினமும் காணலாம். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை முழுக்கத் தனித்துக் கிடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகவே தூரத்து ஆட்கள் ஊரில் தங்கினார்கள், தங்காமல் வேறு வழியில்லை. நானும் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தேன். அந்த வீட்டு அம்மா எனக்கும் சேர்த்து உலை வைப்பா. இரவில் லாம்பு வெளிச்சத்தில் அவவின் பேரப்பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து குந்துவார்கள்.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தார்கள். அதைவிட நல்ல காரியம் இந்தப் பக்கத்துக்கு நடக்கவில்லை. ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கே அது போதும். ஆசிரியர்களுக்கும் பட்டணத்தில் இருந்து தினமும் வந்து போகலாம் என்று ஆனது. அதனால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆட்கள் முன்னரைவிடக் கூடுதலாக நிற்கிறார்கள் என்பது என் அனுபவம். அதே பாலத்தால் பின்னேர வகுப்பும் போனது. ஊரில் அறை எடுக்கிறவர்கள் குறைய, ஆசிரியர் விடுதிகளும் பாழாயின. கூரை ஒழுகும் விடுதியைத் திருத்த ஆர் கேட்பார், ஆளில்லாத இடத்துக்கு?

பாலத்துக்கு அப்பால் உள்ள உட்கிராமங்களுக்கு இரண்டும் இல்லாமல் போனது. மாலையர்கட்டு, திக்கோடை, உன்னிச்சைக்கு அங்கால், புல்லுமலைப் பக்கம். வந்து போவதற்கும் தூரம், தங்குவதற்கும் இடமில்லை. மண்டூருக்குக் குருமண்வெளியில் இருந்து இன்றைக்கும் பாதைதான். கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் பக்கம் மாரியில் றோட்டுக்கு மேலால் வெள்ளம் பாயும், தோணி அல்லது உழவு இயந்திரம். புது ஆட்கள் போகிறதும் ஓடுகிறதும் இந்த இடங்களில் இருந்துதான்.

2025 பெப்ரவரி 18

வரவு செலவுத் திட்டம் நேற்று வாசித்தார்கள். அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இல் இருந்து 40,000 ரூபாய் ஆகிறது, ஏப்ரலில் இருந்து கட்டங்கட்டமாக. "இனி ஓடமாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

சம்பளம் கூடுவது நல்லது. 2021 ஜூலையில் இருந்து மூன்று மாதத்துக்கு மேல் இணையவழி கற்பித்தலில் இருந்து விலகி நின்று போராடியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இந்தக் கூட்டல் பட்டணத்துக்கும் மாலையர்கட்டுக்கும் ஒன்றுதான். கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு என்று தருவது பெற்றோலுக்குக் காணாது. யாரையாவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு என்று பணம் வர வேண்டும்.

இன்னொன்று, முதல் சம்பளம். நான் கடமையேற்றுச் சில மாதம் சம்பளம் வரவில்லை. கோவை ஒரு மேசையில் கிடந்தது, போய்க் கேட்டால் "அடுத்த கிழமை". அறை வாடகைக்கு அப்பாவிடம் கைநீட்டினேன். அரச வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பலகாரம் கொடுத்த மனுஷன் அவர். புதுப் பிள்ளைகளிடம் இன்றைக்கும் இதே கதையைக் கேட்கிறேன். நிலுவையாகப் பிறகு சேர்த்து வரும், உண்மை. அந்த மாதங்களில் மனம் முறிந்தது திரும்பச் சேராது.

2025 பெப்ரவரி 23

இதுவரை எழுதியதை எல்லாம் திரும்ப வாசித்தேன். அறை, நேரசூசி, சம்பளம் எல்லாம் சரி. அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று என் மனதில் இருக்கிறது. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று படுகிறது.

போகும் திகதி.

நியமனக் கடிதத்தோடு கஷ்டப் பிரதேசத்தில் இத்தனை வருஷம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று என்றோ ஐந்து என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு அப்படியே நடக்கும் என்று ஒரு புது ஆசிரியை நம்பினால், அவள் அந்த வருஷங்களுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு வருவாள். பாய் தலையணை கொண்டு வருவாள், பிள்ளைகளின் பெயரைப் பாடமாக்குவாள், ஆறாம் ஆண்டில் எடுத்த வகுப்பை எட்டாம் ஆண்டு வரை கொண்டுபோவாள்.

நடப்பது என்ன? வருடாந்த இடமாற்றச் சபை கூடும், பட்டியல் வரும், அவளின் பெயர் அதில் இருக்காது. அல்லது பெயர் இருக்கும், பதிலாள் வரும்வரை விடுவிக்க முடியாது என்று அதிபர் சொல்வார். அதிபரில் பிழை இல்லை, விட்டால் வகுப்புக்கு ஆள் இல்லை. பதிலாளுக்குப் பெயர் போடப்பட்டவர் மருத்துவச் சான்றிதழோடு அங்கே நின்றுவிடுவார். இப்படி மூன்று ஐந்தாகும், ஐந்து ஏழாகும். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் இதற்குள் ஒரு அரசியல்வாதியின் கடிதத்தோடு தற்காலிக இணைப்பில் பட்டணம் போயிருப்பாள். சம்பளமும் ஆளணியும் உங்கள் பாடசாலையில், ஆள் மட்டும் அங்கே. வெற்றிடம் என்று காட்டவும் முடியாது.

இதைப் புதிதாக வருகிறவர்கள் பார்க்கிறார்கள். ஒழுங்காக நின்றவள் அகப்பட்டுக்கொண்டாள், முதல் வருஷமே ஆளைப் பிடித்தவள் தப்பினாள். பிறகு அவர்கள் என்ன முடிவு எடுப்பார்கள்? கடமையேற்ற கிழமையே கடிதத்துக்கு அலையத் தொடங்குவார்கள். போக விடாமல் பிடித்து வைத்தால் நிற்பார்கள் என்று நினைக்கிற நிர்வாகம்தான் அவர்களை விரைவாக ஓட வைக்கிறது.

மூன்று வருஷம் முடிந்த அன்றே விடுவிப்புக் கடிதம் கையில் என்று நிச்சயப்படுத்துங்கள். பதிலாளை வலயம் அதற்கு ஒரு தவணை முன்னமே பெயர் குறிக்கட்டும். தற்காலிக இணைப்பை ஒரு தவணைக்கு மேல் நீட்டாதீர்கள். இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேராவது மூன்று வருஷத்தையும் முழுமையாகத் தருவார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சிலர் முடிந்த பிறகும் நிற்பார்கள். நான் நின்றேன்.

2025 பெப்ரவரி 24

"நீங்கள் நின்றதற்குக் காரணம்?" என்று கேட்டிருக்கிறார்கள். கலியாணம் இந்தப் பக்கம் முடித்தேன், அதுதான் முதற்காரணம். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது, மேலே சொன்ன அந்த அதிபர்.

2025 மார்ச் 4

அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கச்சி நீளமாக எழுதியிருக்கிறா. நோன்பு விடுமுறை, அதனால் நேரம் கிடைத்ததாம். அட்டாளைச்சேனையில் படித்து, ஆரம்பப் பிரிவுக்குப் பொத்துவிலில் முதல் நியமனம்.

"ராத்தா, விடியச் சுபஹு தொழுதிட்டு அப்படியே வெளிக்கிட்டுத்தான் பஸ்ஸைப் பிடிக்கணும். கோமாரியால போகக்குள்ள சில நாள் றோட்டுல யானை நிண்டா பஸ்ஸும் நிக்கும். போய்ச் சேர்ந்தா பிள்ளைகளைப் பாக்கச் சந்தோசம். திரும்பி வீட்ட வாற நேரம் பின்னேரம், அஸர் தொழுகையும் வந்திரும். உம்மாவுக்கும் ஏலாது. நான் பொத்துவில் பிள்ளைகளை வெறுத்துப் போகல்ல, என்ட உடம்பால முடியல்ல."

பொத்துவில் அக்கரைப்பற்று வலயத்துக்குள்தான் வருகிறது. அதற்குத் தனி வலயம் வேண்டும் என்று அந்த மக்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். வெல்லாவெளி அண்ணனின் கதையும் இந்தத் தங்கச்சியின் கதையும் ஒன்றுதான். வலயத்துக்குள்ளேயே ஒரு பட்டணம் இருந்தால், தூரத்து ஊர் அதற்கு ஆள் பழக்கிக் கொடுக்கிற இடமாகிவிடும். புது ஆட்கள் பொத்துவிலில் தொழில் பழகுவார்கள், பழகிய கை அக்கரைப்பற்றுக்குப் போகும். பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இதைவிட அநியாயம் இல்லை. முதல் வருஷத்தின் தடுமாற்றம் எப்போதும் ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஐந்தாம் வருஷத்தின் தெளிவு எப்போதும் இன்னொரு ஊர்ப் பிள்ளைகளுக்கு.

தங்கச்சி, நீங்கள் உம்மாவைப் பார்க்கப் போவதை யாரும் ஓடினது என்று சொல்ல முடியாது. சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

2025 மார்ச் 7

லண்டனில் இருக்கிற ஒரு களுவாஞ்சிகுடிக்காரர், அங்கே அரச பாடசாலையில் படிப்பிக்கிறவர், இது இலங்கைக்கு மட்டும் உள்ள வருத்தம் இல்லை என்கிறார். இங்கிலாந்தில் புது ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து வருஷத்துக்குள் அரச பாடசாலைகளை விட்டுவிடுகிறார்களாம். அங்கே அது தொழிலையே விடுவது. வேலைச் சுமையும் வகுப்பறை ஒழுங்கும் பெரிய காரணங்கள் என்கிறார்.

அங்கே 2021 செப்டெம்பரில் இருந்து புது ஆட்களுக்கு இரண்டு வருஷ அறிமுகக் காலம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. முதல் வருஷம் நேரசூசியில் 10 சதவீதமும் இரண்டாம் வருஷம் 5 சதவீதமும் குறைப்பு. இதைப் படித்துவிட்டு நான் கணக்குப் போட்டேன். எங்களிடம் வாரத்துக்கு முப்பத்தைந்து பாடவேளை எடுக்கிற ஒரு புது ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மூன்று நான்கு பாடவேளை. எங்கள் அதிபர் அந்தத் தங்கச்சிக்கும் எனக்கும் சேர்த்து ஒதுக்கிய நேரமும் கிட்டத்தட்ட அந்தளவுதான். அவர் சுற்றறிக்கை பார்த்துச் செய்யவில்லை, அழுத பிள்ளையைப் பார்த்துச் செய்தார். ஆனால் அப்படிப்பட்ட அதிபர் எல்லாருக்கும் கிடைக்கமாட்டார். ஆகவே அது சட்டமாக வர வேண்டும். கடமையேற்ற முதல் வருஷம் வகுப்பாசிரியர் பொறுப்பு இல்லை, தன் பாடம் தவிர வேறு பாடம் இல்லை, ரிலீவ் இல்லை. ஆள் காணாத பாடசாலையில் இது எப்படி நடக்கும் என்று அதிபர்மார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டாம் வருஷம் அந்த ஆள் இல்லாமல் போனால் வாரத்துக்கு முப்பத்தைந்து பாடவேளையை என்ன செய்வீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஆசிரிய ஆலோசகர்மாரைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். வருகிறார்கள், நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தவணையில் ஒரு தரம் வந்து பாடக்குறிப்பில் கையொப்பம் வைக்கிறவரிடம் புதுப் பிள்ளை "எனக்கு ஒன்பது பீயைக் கண்டால் பயம்" என்று சொல்லமாட்டாள். அதைப் பக்கத்து வகுப்பில் இருக்கிறவரிடம்தான் சொல்லுவாள்.

2025 மார்ச் 9

இது ஊருக்கு. கோபித்தாலும் பரவாயில்லை.

கலியாணமாகாத இளம் ஆசிரியை ஒருத்தி ஊரில் அறை எடுத்தால் நாங்கள் அவளை என்ன பாடு படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆரோடு கதைத்தாள், ஆர் மோட்டார் சைக்கிளில் ஏறினாள், பின்னேரம் ஏன் சந்திக்குப் போனாள். ஆண் ஆசிரியரிடம் கையடக்கத் தொலைபேசியில் ஒரு விளக்கம் கேட்டால் அது கதையாகிவிடும். என்னோடு இருந்த ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் திங்கட்கிழமை திரும்பி வரவே இல்லை. தூரத்தாலோ சம்பளத்தாலோ அவள் போகவில்லை. கடைவாசலில் கேட்ட ஒரு வசனத்தால் போனாள். அடுத்த ஒரு வருஷம் எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் இல்லை.

நல்ல ஊர்களும் இருக்கின்றன. யானை வருகிற காலம் பின்னேர வகுப்பு முடிய ரீச்சரை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவதற்குத் தகப்பன்மார் முறை போட்ட ஊர் எனக்குத் தெரியும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவரும் சேர்ந்து பாழாய்க் கிடந்த விடுதியில் ஒரு அறைக்குக் கூரை மாற்றி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, மலசலகூடத்துக்குத் தண்ணீர் இழுத்துக் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் உள்ள கதவு, இரவில் போகக்கூடிய மலசலகூடம். ஒரு பெண் பிள்ளை ஒரு ஊரில் தங்குவதா இல்லையா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. இப்போது எங்கள் பக்கம் வருகிற புது ஆசிரியர்களில் பெண்களே அதிகம்.

2025 மார்ச் 16

கேள்வி கேட்ட அண்ணன் இப்போது வேறு விதமாகக் கேட்கிறார்: "அப்ப வெளியாக்களைக் கெஞ்சிறத விட்டுப்போட்டு எங்கட புள்ளைகளையே ஆசிரியராக்கினா என்ன?"

அருமையான கேள்வி, இதுதான் நீண்டகால வழி. சொந்த ஊர்ப் பிள்ளைக்கு வாடகை அறை தேவையில்லை, இடமாற்றமும் கேட்கமாட்டாள். எங்கள் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவைப் பாருங்கள், ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள், நிலையாக நிற்கிறார்கள். பிரச்சினை கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். படுவான்கரையில் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளை விரல்விட்டு எண்ணலாம். கணிதத்தில் சாதாரண தரம் சித்தியடையாத பிள்ளை எப்படிக் கல்லூரிக்குப் போய்க் கணித ஆசிரியராகும்? சாதாரண தரத்தில் ஏன் சித்தியடையவில்லை? நாலு வருஷத்தில் நாலு ஆசிரியர்கள். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறோம்.

இதை எங்கேயாவது வெட்ட வேண்டும். எட்டாம், ஒன்பதாம் ஆண்டில் கணிதத்தில் கொஞ்சம் கூர்மையான ஊர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேரையாவது பிடித்து, உயர்தரத்துக்குப் பட்டணத்தில் விடுதி வசதி செய்து கொடுத்து, கல்லூரி முடிந்ததும் சொந்தக் கல்விக் கோட்டத்திலேயே நியமனம் என்று முதலே எழுதிக் கொடுத்தால் பத்து வருஷத்தில் பலன் தெரியும். பத்து வருஷம் நீண்ட காலமா? நான் வந்து அதைவிடக் கூட ஆகிவிட்டது, இதே வெற்றிடப் பட்டியல்.

தொண்டராசிரியர்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஆள் இல்லாத காலத்தில் ஊர்ப் பிள்ளைகள்தான் சம்பளமில்லாமல் வகுப்பை நடத்தினார்கள். உயர்தரத்தோடு நின்றவர்கள், கையில் சான்றிதழ் இல்லாதவர்கள். ஒழுகுகிற ஓலைக் கொட்டிலில் அவர்கள் நின்றதால்தான் சில பாடசாலைகள் பூட்டப்படாமல் தப்பின. அவர்களில் சிலருக்குப் பிறகு நியமனம் கிடைத்தது, சிலர் வயது கடந்து வீட்டில் இருக்கிறார்கள். நிலைத்து நிற்பதைப் பற்றிப் பேசும்போது அவர்களின் பெயரை முதலில் சொல்வதுதான் முறை.

2025 மார்ச் 17

மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் ஆண்டாமே, அண்ணன். பின்னத்தில் இருந்து தொடங்குங்கள். ஏழாம் ஆண்டுப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பாடசாலை திறந்ததும் சனிக்கிழமைகளில் அவளை என்னிடம் அனுப்பலாம், பிள்ளையிடம் காசு வாங்கமாட்டேன். அவளோடு படிக்கிற இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

2025 மார்ச் 22

பட்டணப் பக்கம், கல்லடியில் இருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறா. நியமனம் படுவான்கரைப் பக்கம், உட்கிராமம். வீட்டில் அம்மா அழுகிறாவாம். "போறதா விடுறதா ரீச்சர்?"

போங்கள், மகள். கடமையேற்கிற நாளில் நியமனக் கடிதத்தையும் கடமையேற்புக் கடிதத்தையும் மூன்று மூன்று பிரதி எடுத்து ஒன்றை அம்மாவிடம் கொடுங்கள். தனிப்பட்ட கோவை எந்தத் திகதியில் வலயத்துக்குப் போனது, ஆர் பாரமெடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள், சம்பளம் பிந்தினால் அந்தத் திகதிதான் பேசும். நேரசூசி போடும் கூட்டத்தில் வாய் திறந்து "எனக்கு என் பாடம் மட்டும் தாங்க, முதல் வருஷம் வகுப்புப் பொறுப்பு வேண்டாம்" என்று பணிவாகக் கேளுங்கள். தராமல் விடலாம், கேட்காமல் விட்டால் நிச்சயம் தரமாட்டார்கள். தகுதிகாண் காலத்துக்குள்ளே, அதாவது நியமனம் நிரந்தரமாகும் முன்னமே, சம்பள ஏற்றத்துக்கு வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் தேவைகளை முடியுங்கள், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவர்கள் சம்பள ஏற்றத்துக்கு அலைகிறார்கள். இடமாற்ற விண்ணப்பத்தைக் காலம் வந்ததும் முறைப்படி போடுங்கள், கடிதம் பிடிக்கப் போகாதீர்கள்.

அந்த ஊரில் எனக்கு இரண்டு வீடு தெரியும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் அறை பெரிது, ஆனால் கிணறு ஆவணியில் வற்றிவிடும். தபாற்கந்தோருக்குப் பின்னால் இருக்கிற அம்மாவின் வீட்டில் அறை சின்னது, தண்ணீர் எந்த நாளும் இருக்கும், மலசலகூடம் உள்ளே. இரண்டாவதுக்கு நான் நேற்றே சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள்.